கொழுந்துக்கு மூன்று, கூடைக்கு இரண்டு

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் இளசுகள் பெருக்கல் சொல்லிக் கொடுப்பதைப் போன மாதம் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மரியாதையாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பிறகு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். மூன்று தட்டு, தட்டுக்கு நான்கு ஆப்பிள். "பன்னெண்டு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். கத்திய பிள்ளைகளில் ஒன்று பக்கத்துப் பிள்ளையிடம், "அந்த வீட்டுல எத்தினி பேரு?" என்று கேட்டது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அட்டையில் இல்லாத கேள்வி.

குறை சொல்ல இதை எழுதவில்லை. அட்டை அழகான அட்டைதான். ஆனால் அந்தப் புது ஆசிரியர்களான உங்களில் ஒருவர், "நீங்க இருந்த காலத்துல வெளையாட்டா சொல்லிக் குடுக்கிறதெல்லாம் ஏதுங்கம்மா, பெரம்புதானே" என்று சிரித்தார். பிரம்பு இருந்தது. அது வாத்தியாரிடம் இருந்தது. என்னிடம் விளையாட்டு இருந்தது. அந்த விளையாட்டால் ஒரு பிள்ளையின் படிப்பே போகப் பார்த்தது. விளையாட்டு என்றால் ஆபத்தில்லாத சாமான் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எனக்கு அவசரமில்லை. எழுத்துக் கூட்டி எழுதுகிறவளுக்கு அவசரம் கட்டுப்படியாகாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை யாரிடமும் மறைத்ததில்லை. என்னிடம் படித்த பிள்ளை ஒன்றுகூடக் கணக்கில் தோற்றதில்லை என்பதையும் மறைத்ததில்லை.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஒன்றரை மணி நேரம் நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, தோட்டத்து ஆட்களான எங்களிடமிருந்து ஓட்டுரிமை போயிருந்த காலம். எனக்கு இருபது, இருபத்தொரு வயதிருக்கும். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். அதற்கு அடுத்த கட்டடம் பள்ளிக்கூடம். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. வாத்தியாருக்குச் சின்ன வகுப்பு என்றால் தலையிடி. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ராசம்மா, தொட்டில்ல கெடக்குறத பாத்துக்குற. கொஞ்சம் பெரிசானதையும் சேத்துப் பாத்துக்க. சத்தம் போடாம இருந்தாப் போதும்" என்றார். அவ்வளவுதான் என்னுடைய நியமனக் கடிதம்.

வாத்தியார் நல்ல மனுசன். ஆனால் அவரிடம் வாய்ப்பாடு என்பது நடுவழியில் ஏற முடியாத ரயில். ஆறெட்டு எவ்வளவு என்று கேட்டால், பிள்ளை ஓரெட்டில் ஏறி, ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்றுதான் வந்து சேர வேண்டும். வழியில் தும்மினால் மறுபடியும் முதலிலிருந்து. பாட்டு மாதிரிப் பாடுவார்கள், கேட்க அழகாக இருக்கும். தோட்டத்தை நடத்துகிற துரை வந்தால் பாடச் சொல்வார். துரைக்குத் தமிழ் தெரியாது. அதனால் பிழையில்லாமல் நடக்கும்.

எனக்கு அப்படிப் பாடத் தெரியாது. ஆறாம் வாய்ப்பாட்டுக்கு மேல் எனக்கே தடுமாறும். தெரியாததைப் பாடவைக்க முடியாதே, அதனால் கண்ணுக்குத் தெரிவதைக் காட்டினேன்.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கண்ணைத் திறந்தால் தெரிவது கொழுந்து. நல்ல கொழுந்து என்றால் இரண்டு இலை, ஒரு மொட்டு. மூன்று. இதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மலைக்குப் போகிற விளையாட்டு என்று ஒன்றைத் தொடங்கினேன். ஒரு பிள்ளை வேலை வாங்குகிற கங்காணி. மற்றவர்கள் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கொழுந்து கொண்டுவந்து வரிசையாக வைக்க வேண்டும். நாலு பேர் வைத்தால் எத்தனை? பிள்ளைகள் எண்ணுவார்கள், பன்னிரண்டு. எட்டுப் பேர் வைத்தால்? மற்றவர்கள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்போது, மூக்காயி என்றொரு பிள்ளை எண்ணாமலே சொன்னாள்:

"இருவத்தி நாலு."

"எப்படிடி?"

"முன்னாடி நாலு பேருக்குப் பன்னெண்டு சொன்னோமில்ல? இது அதே மாதிரி இன்னொரு நாலு பேருதானேக்கா."

இந்த மூக்காயிக்கு வாத்தியார் வைத்த பெயர் மக்கு. வாய்ப்பாடு பாடும்போது அவள் வாய் அசையாது. அவளுக்கு ஒன்பது வயதாகியும் அதனால்தான் சின்ன வகுப்பிலேயே என்னிடம் கிடந்தாள். பாட்டு வராத பிள்ளைக்குக் கணக்கும் வராது என்று தீர்ப்புச் சொன்ன வாத்தியார்மாரை நான் பிறகும் நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

முதல் நாட்களில் கொழுந்துக்குப் பதிலாகப் பாதையோரத்துக் காட்டுப் பன்ன இலைதான் வைத்து விளையாடினோம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. "இதைக் கொண்டுபோனா கங்காணி மூஞ்சிலேயே வீசுவாருக்கா" என்றார்கள். நியாயம்தான் என்று நினைத்து, "சரி, பள்ளிக்கூடத்துக்கு மேல இருக்கிற மலை ஓரத்துல ஆளுக்கு நாலு கொழுந்து கிள்ளிட்டு வாங்க" என்று அனுப்பினேன். பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை அழுதது. அதைத் தூக்கி அமர்த்திவிட்டு வந்து பார்த்தால் ஒருவரையும் காணோம்.

வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் ஆளுக்கு நாலு கிள்ளிக்கொண்டு திரும்பியிருக்கும். இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்! வரிசை பிடித்து, ஆளுக்கு ஒரு நிரை எடுத்து, முற்றல் விழாமல், ஒரு செடிகூட விடாமல் முறையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணிப் பிள்ளை பின்னால் நின்று, "கைய வீசிப் போடு, கைய வீசிப் போடு" என்று கத்திக்கொண்டிருந்தது. அந்த மலையை இரண்டு நாள் கழித்து வரப்போகிற பெரிய துரைமார் பார்க்கட்டும் என்று கைபடாமல் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. மலை வேலையை மேய்க்கிற கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். அவர் அந்த வழியாகத்தான் வந்தார்.

விளையாட்டுக்குப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருளை எடுங்கள் என்று உங்களுக்குக் கருத்தரங்கில் சொல்கிறார்கள். சரியான பேச்சு. அந்தப் பொருள் யாருடையது என்று கேட்டுக்கொள்ளவும் யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது.

கணக்கப்பிள்ளை பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் மூக்காயியின் சாக்கு. வாத்தியார் எழுந்து நின்றார். எழுந்து நிற்பதில் அவர் கெட்டிக்காரர்.

"வாத்தியாரே, இது பள்ளிக்கூடமா, கொழுந்து களவெடுக்கிற எடமா?"

"ஐயா, இது ராசம்மாவோட வேலைங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நான் முன்னால் போய், "நாந்தாங்கய்யா அனுப்பினேன். பெருக்கலுக்கு" என்றேன்.

"எதுக்கு?"

"பெருக்கல் கணக்குக்குங்க."

அவர் சாக்கைத் தரையில் கொட்டினார். ஏசத்தான் கொட்டினார். ஆனால் கொட்டியதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். எல்லாம் இரண்டு இலை, ஒரு மொட்டு. ஒரு முற்றல் இல்லை, ஒரு காம்பு நீட்டம் இல்லை.

"யாரு எடுத்தது இது?"

மூக்காயி கையைத் தூக்கினாள். பாராட்டப் போகிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம். அவர் பாராட்டத்தான் செய்தார்.

"இந்தக் கைய வச்சிக்கிட்டு இங்க என்னா பண்ணுற? காளியம்மா மவதானே நீ? பத்து வயசு ஆயிருச்சில்ல?"

வேலைக்குப் பெயர் பதியப் பத்து வயதாக வேண்டும் என்று ஏதோ சட்டம் இருந்ததாம். தோட்டத்தில் பிறப்புச் சீட்டை யாரும் பார்ப்பதில்லை. தேயிலைச் செடிக்கு மேல் தலை தெரிந்தால் பத்து வயது.

வாத்தியார் முந்திக்கொண்டு, "ஆயிருச்சுங்கய்யா. படிப்பும் ஏறலீங்க, மக்குப் புள்ளைங்க" என்றார்.

"அப்பறம் என்னா? திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு வரச் சொல்லு. பேரு பதியிறேன்."

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்தான் பெரட்டு. அங்கே ஒருமுறை போய் நின்ற பிள்ளை திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளை போகும்போது என்னிடம், "நல்ல வேலதான் பண்ணியிருக்க ராசம்மா. இன்னும் நாலு பேர இப்படித் தயார் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால்கூட எனக்கு அப்படிச் சுட்டிருக்காது.

அன்று மாலை மூக்காயி வீட்டார் குடியிருந்த லயத்துக்குப் போனேன். காளியம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மூத்த மகள் கல்யாணமாகி நானுஓயாப் பக்கம் போன பிறகு வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான்.

"அவள அனுப்பாதீங்கக்கா. நல்லாக் கணக்குப் போடுற புள்ள" என்றேன்.

"கணக்குப் போட்டு யாருக்குக் குடுக்கப் போறா? நீயுந்தான் படிச்ச. புள்ளைக்காம்பராவுல பீத்துணி அலசுற."

உண்மைக்கு உடனே பதில் கண்டுபிடிக்கிற அளவு நான் படிக்கவில்லை. மூக்காயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளை பாராட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அன்று வியாழன். திங்கட்கிழமைக்கு முன்னால் எனக்கு இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூட நாள். வாத்தியாரிடம் கெஞ்சினால் எழுந்து நிற்பார். துரையிடம் போக எனக்குப் பாஷை இல்லை. யோசித்துப் பார்த்தேன். இந்தக் காரியத்தைத் தொடங்கிவைத்தது பெருக்கல். அதுவே முடித்தும் வைக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை கணக்கப்பிள்ளையைப் பாதையில் மறித்து, மிகவும் பணிவாகக் கேட்டேன். "ஐயா, புள்ளைங்களுக்கு இப்பவே வேல பழகட்டுங்க. மத்தியானம் கொழுந்து நிறுக்கிறதக் காட்டக் கூட்டியாரவாங்க?"

அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "கூட்டியா, கூட்டியா. இதத்தான் சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "பேசாமப் பாருங்க. ஒண்ணுபோல திரும்பத் திரும்ப வர்றது எதுன்னு பாத்துக் கணக்குப் போடுங்க." எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ராசம்மா தூண்டிவிட்டாள் என்று ஆகும். பிள்ளைக்காம்பரா வேலையும் போய்விடும்.

தராசு முன்னால் முப்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். கணக்கப்பிள்ளை நிறுத்து, எண்ணைச் சொல்லி, உடனே இரண்டு றாத்தலைக் கழித்தார். கூடைக்கும் ஈரத்துக்கும் என்பார். அன்று நல்ல வெயில். "பதிமூணு, ரெண்டு போவ பதினொண்ணு. பன்னெண்டு, ரெண்டு போவப் பத்து." இரண்டு றாத்தலுக்கு யார் சண்டை பிடிப்பது? ஒவ்வொருத்திக்கும் தன் இரண்டு மட்டும்தான் தெரியும்.

கடைசிக் கூடை இறங்கியதும் கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "என்னா, பாத்தீங்களா? என்னா படிச்சீங்க?"

மூக்காயி கையைத் தூக்கினாள். நேற்றுப் பட்டதில் அவளுக்குப் புத்தி வந்திருக்குமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வரவில்லை, நல்ல வேளை.

"பத்துப் பேருக்கு இருவது றாத்தலு வெட்டுனீங்க. மூணு பத்துப் பேரு இருக்காங்க. மூணு இருவது, அறுவது."

"என்னா அறுவது?"

"வெட்டுனதுங்கய்யா. ஒரு நாளைக்கு மூணு தடவ நிறுக்கிறீங்களாம், அம்மா சொல்லும். அப்ப அறுவது, அறுவது, அறுவது." கொஞ்சம் வானத்தைப் பார்த்தாள். "நூத்தியெம்பது."

பின்வரிசையில் இருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "நூத்தியெம்பதா? நான் காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் முறிஞ்சாலும் முப்பதுதானேடி?"

"அப்ப அது ஆறு பேரு எடுத்த கொழுந்துதானேக்கா" என்றாள் மூக்காயி. யாரும் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. அவளாகப் போட்டது.

காளியம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற கிழவி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கணக்கப்புள்ளையய்யா, அந்த ஆறு பேரு யாருங்க? தெனம் எங்க கூடவே மலைக்கு வர்றாங்களாமே. முகத்தக் காட்டச் சொல்லுங்க. ஒரு வாய் வெத்தலையாவது குடுப்போம்."

முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் முப்பது பேரும். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்வதில் இது ஒரு வசதி. எந்த நேரத்திலும் துடைப்பதற்கு ஒரு மூக்கு இருக்கும்.

"இந்தப் புள்ளைக்கு என்னா வயசு?" என்று கத்தினார்.

"பத்துன்னு நேத்து நீங்கதாங்க சொன்னீங்க" என்றேன்.

"பத்தா? யாரு சொன்னா பத்துன்னு? எட்டுக்கூட இருக்காது! செடிக்கு மேல தலையே தெரியல! காளியம்மா, பச்சப் புள்ளைய மலைக்கு அனுப்பப் பாக்குறியா? பேரு பதிய முடியாது, போ."

ஒரே நாளில் இரண்டு வயது குறைந்த பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதோடு முடியவில்லை. பின்னேரம் கணக்கப்பிள்ளை வாத்தியாரிடம் வந்து, அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், அஞ்சாம் வகுப்பு முடியும்வரை மலைப்பக்கம் அனுப்பக் கூடாது, படிப்பில் தோட்டத்துக்கு அக்கறை உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியாரும், "நானும் அதத்தான் நெனச்சேங்கய்யா, ரொம்பக் கெட்டிக்காரப் புள்ள" என்றார். மக்கு கெட்டிக்காரியாக அவருக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது.

இந்த இடத்தோடு நிறுத்திவிட்டால் கதை எனக்குப் பெருமையாக முடியும். ஆனால் சனிக்கிழமை காளியம்மா பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்று, லயமே கேட்க என்னை ஏசினாள். "ஏண்டி ராசம்மா, ஒன் வெளையாட்டுல எம்மவ பேரு பதியாமப் போச்சு. எனக்கு யாருடி ஒத்தாசைக்கு? இங்க இல்லாட்டிப் பக்கத்துத் தோட்டத்துல சேத்துவிடுவேன். அங்க இவள யாருக்கும் தெரியாது. வாயத் தெறக்காதன்னு சொல்லிச் சேத்துவிடுவேன்." அவள் செய்யக்கூடியவள்தான். ஒருத்தி உழைக்கிற வீட்டுக்கு இன்னும் இரண்டு கை வேண்டும் என்பது விளையாட்டு இல்லை. பெருக்கல் கணக்கப்பிள்ளையை மடக்கும், காளியம்மா வீட்டு அடுப்பை எரிக்காது. அதை அன்றைக்குத்தான் நான் படித்தேன்.

திங்கட்கிழமை சாயந்தர நிறுவைக்குப் பெண்கள் மூக்காயியைக் கையோடு கூட்டிப்போனார்கள். நானும் போனேன். கணக்கப்பிள்ளையும் இரண்டு நாள் சும்மா இருக்கவில்லை. முதல் கூடைக்கு மூன்று வெட்டினார். அடுத்ததற்கு ஒன்று. அதற்கடுத்ததற்கு இரண்டு. இன்னொன்றுக்கு நாலு. பெண்கள் மூக்காயியைப் பார்த்தார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இப்பப் பெருக்க முடியாதுக்கா. ஒண்ணுபோல வெட்டுனாத்தான் பெருக்கலாம். இவரு ஆளுக்கொரு மாதிரி வெட்டுறாரு."

நான் இத்தனை நாள் விளையாடியும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது அது. எப்போது பெருக்கக் கூடாது என்பதைக் கணக்கப்பிள்ளை ஒரே நிறுவையில் சொல்லிக் கொடுத்துவிட்டார். அவருக்கு என் நன்றி உண்டு.

"அப்ப என்னாடி செய்றது?" என்றாள் கிழவி.

"தராசுப் பக்கத்துலயே நின்னு ஒண்ணொண்ணா கூட்டணும்."

"அப்ப நில்லு" என்றார்கள்.

நின்றாள். முள்ளைப் பார்த்து, கழித்ததைக் கேட்டு, வாய்க்குள் கூட்டிக்கொண்டே நின்றாள். எண்ணிக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் நின்றால் வெட்டுகிற கை தானாகக் கூசும் போலிருக்கிறது. நாலு மூன்றானது. வார நடுவில் யாருக்கும் ஒன்றுக்கு மேல் போகவில்லை. அதற்குக் கீழே இறங்கவும் இல்லை. ஒன்றைக் கூடை எடை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் மூக்காயி நேரே தராசடிக்குப் போனாள். அவள் இல்லாத காலை நிறுவையிலும் மத்தியான நிறுவையிலும்கூட, "சாயந்தரம் மூக்காயி கேப்பா" என்று ஒருத்தி சொன்னால் போதுமாக இருந்தது.

பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி வந்து காளியம்மாவிடம் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மூன்றாம் நாள் காலை, பெரட்டு முடிந்து மலைக்கு ஏறுகிற வழியில், கூடையைத் தலையில் மாட்டியபடியே காளியம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். மூக்காயி பின்னால் நின்றாள். தாய் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டிருந்தாள்.

காளியம்மா வாத்தியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சர்" என்றாள். அதுவரை அந்தத் தோட்டத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சொல்லுங்கக்கா."

"எம்மவ இங்கயே கெடக்கட்டும். அவ கொழுந்து எடுத்துக் கொண்டார்றத விட, நின்னு எண்ணுறதுல எங்க எல்லாருக்கும் கூடக் கெடைக்குது." சொல்லிவிட்டுப் போகத் திரும்பியவள், நின்றாள். "பெருக்கல்ல கெட்டிதான். கூட்டல்ல கொஞ்சம் மெதுவா இருக்கா, நேத்து ரெண்டு கூடை தவறவிட்டுட்டா. அதக் கொஞ்சம் பாத்துக்கங்க."

அன்றைக்கே கூட்டலைத் தொடங்கினேன்.